அம்மாவ ட்ரையல்ல சேர்க்கலாமா, நானும் வருஷாவருஷம் டெஸ்ட் எடுக்கணுமா?

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 58 வயசு. ஓவரி கேன்சர், மூணாவது ஸ்டேஜ். ரிப்போர்ட்ல ஹை கிரேடு சீரஸ்னு போட்டிருக்கு, வேகமா வளர்ற வகையாம். ஆபரேஷன் முடிஞ்சு கீமோவும் முடிஞ்சிடுச்சு, இப்ப எடுத்த ஸ்கேன்ல எதுவும் இல்லன்னு சொன்னாங்க. இந்த நேரத்துல ஒரு க்ளினிக்கல் ட்ரையல்ல சேர விருப்பமான்னு கேக்கறாங்க, மூணாவது கட்ட ட்ரையலாம். ஒரு குரூப்புக்கு புது மாத்திரை, இன்னொரு குரூப்புக்கு டம்மி மாத்திரைன்னு ஒரு கட்டு பேப்பர் குடுத்திருக்காங்க. மாமா "என் தங்கச்சிய சோதனை எலி ஆக்கப் பாக்கறாங்க"ன்னு சத்தம் போடறார். அம்மா வாயே திறக்கல. பெரியம்மா ஏற்கனவே 43 வயசுல மார்பு கேன்சர்ல போயிட்டாங்க. எனக்கு 34, ஒரு பையன் இருக்கான். பயந்துபோய் நானும் சி.ஏ. 125ங்கற ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்தேன், 41ன்னு வந்திருக்கு. ஸ்கேன்ல வலது ஓவரில 3 செ.மீ.ல ஒரு நீர்க்கட்டி. ராத்திரி தூக்கமே இல்ல. வருஷாவருஷம் இந்த டெஸ்ட் எடுத்துட்டே இருந்தா எனக்கு வந்தாலும் சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாமா?

பதில்:

வணக்கம்மா. அம்மாவோட கேள்வியும் உங்க கேள்வியும் இதுல பின்னிக் கிடக்கு. உங்களோடத முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா நீங்க கொஞ்சம் தூங்கினாதான் அம்மா விஷயத்துல நிதானமா முடிவெடுக்க முடியும்.

34 வயசுல, மாசாமாசம் பீரியட்ஸ் வந்துட்டு இருக்கற ஒரு பொண்ணுக்கு ஓவரில 3 செ.மீ. நீர்க்கட்டி தெரியறது ரொம்ப சகஜம். ஸ்கேன் ரிப்போர்ட்ல சுவர் மெலிசா இருக்கு, உள்ள வெறும் தண்ணி, கெட்டியான பாகம் எதுவும் இல்லன்னு எழுதியிருந்தா, 5 செ.மீ.க்கு கீழ இருக்கற அந்த மாதிரி கட்டி பெரும்பாலும் ரெண்டு மூணு பீரியட்ஸுக்குள்ள தானா வத்திடும். கெட்டியா ஏதோ இருக்கு, சுவர் தடிப்பா இருக்குன்னு எழுதியிருந்தாதான் ஒரு கைனகாலஜிஸ்ட் நேர்ல பாக்கணும். 41ங்கறதும் அப்படித்தான். 35 வரைக்கும் நார்மல்னு லேப்ல போடுவாங்க, ஆனா பீரியட்ஸ் நாள்ல எடுத்தா ஏறும், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர சாதாரண தசைக் கட்டி) இருந்தா ஏறும், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது) இருந்தா ஏறும், வயித்துக்குள்ள வேற எங்கயாவது புண்ணோ வீக்கமோ இருந்தாலும் ஏறும். இன்னொரு பக்கம், உண்மையிலயே முதல் ஸ்டேஜ் ஓவரி கேன்சர் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இது நார்மலாவே இருக்கும். இல்லாதவங்களுக்கு ஏறி பயமுறுத்தும், இருக்கறவங்களுக்கு ஏறாம ஏமாத்தும். அம்மா மாதிரி ஏற்கனவே கேன்சர்னு தெரிஞ்சவங்களுக்கு, ட்ரீட்மென்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க இது நல்ல டெஸ்ட். உங்கள மாதிரி எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கு இது உதவறதில்ல.

வருஷாவருஷம் எடுத்தா சீக்கிரம் கண்டுபிடிக்கலாமேன்னு நீங்க கேக்கறது ரொம்ப நியாயமான யோசனை. டாக்டர்களுக்கும் இதே யோசனை பல வருஷம் இருந்துச்சு. அதனாலதான் பிரிட்டன்ல 2001லேர்ந்து 2005 வரைக்கும் 50 வயசுலேர்ந்து 74 வயசு வரைக்கும் உள்ள ரெண்டு லட்சத்துக்கும் மேல பெண்கள சேத்து ஒரு பெரிய ட்ரையல் ஆரம்பிச்சாங்க. ஒரு பகுதி பெண்களுக்கு வருஷாவருஷம் சி.ஏ. 125 பாத்து அது ஏறுதான்னு கணக்குப் போட்டு தேவைன்னா ஸ்கேன், இன்னொரு பகுதிக்கு நேரா ஸ்கேன் மட்டும், மீதி பேருக்கு ஒண்ணுமே இல்ல. 2021ல கடைசி முடிவு வந்துச்சு. ரத்த டெஸ்ட் எடுத்த குரூப்புல முதல் ஸ்டேஜ்ல கண்டுபிடிச்ச கேன்சர் நெஜமாவே அதிகம், நாலாவது ஸ்டேஜ் நெஜமாவே குறைவு. ஆனா ஓவரி கேன்சரால இறந்தவங்க விகிதம்? எல்லா குரூப்புலயும் ஒரே அளவு. ஸ்டேஜ் கொறஞ்சா சாவும் கொறையும்னு எல்லாரும் நம்பினாங்க, ரெண்டு லட்சம் பெண்கள், பதினாறு வருஷம் கண்காணிப்பு, அதுக்கப்புறம்தான் அப்படி இல்லன்னு தெரிஞ்சுது. அமெரிக்காவுல 78,000 பெண்கள வச்சு நடந்த இதே மாதிரி ட்ரையல்ல சாவு கொறையலங்கறது மட்டும் இல்ல, டெஸ்ட்ல தப்பா சந்தேகம் காட்டினதால 1,080 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்துச்சு, அவங்களுக்கு கேன்சரே இல்ல, அதுல நூத்துக்கு 15 பேருக்கு ஆபரேஷனால பெரிய சிக்கல் வேற வந்துச்சு. அதனால சாதாரண பெண்களுக்கு வருஷாவருஷம் இந்த டெஸ்ட் வேணாம்னு இப்ப சொல்றோம். உங்க குடும்ப வரலாறு சாதாரணம் இல்ல, அதுக்கு வேற வழி இருக்கு, கீழ சொல்றேன்.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொன்னேன்னா, மாமாவோட கோபத்துக்கும் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. பாத்தா சரின்னு தோணறது எல்லாம் மருத்துவத்துல சரியா இருக்கறதில்ல, அத சரி பாக்க ட்ரையல தவிர வேற வழியே நமக்கு இல்ல. இன்னொரு உதாரணம், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ஆபரேஷன். வயித்த கிழிக்காம சின்ன துளை வழியா பண்ற லேப்ராஸ்கோப்பி, ரோபோ எல்லாம் வந்ததும் எல்லாரும் அதுக்கு மாறினாங்க, வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு போயிடலாம், யார்தான் வேணாம்பாங்க. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேந்து 631 பெண்கள வச்சு ரெண்டையும் ஒப்பிட்டாங்க, 2018ல முடிவு வந்தப்போ துளை வழி ஆபரேஷன் பண்ணவங்களுக்குதான் கேன்சர் அதிகமா திரும்பி வந்துச்சு, அதிகமா இறந்தாங்க. நாலரை வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க வயித்த திறந்து பண்ணதுல நூத்துக்கு 96 பேருக்கு மேல, துளை வழில 86 பேர். அந்த ட்ரையல கண்காணிக்கற தனிக் கமிட்டி, இந்த வித்தியாசத்த பாத்ததும் புதுசா யாரையும் சேர்க்காதீங்கன்னு நடுவுலயே நிறுத்திட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த ட்ரையல் நடக்கலன்னா இன்னும் எத்தன பெண்களுக்கு நல்லதுன்னு நம்பியே அத பண்ணிட்டு இருந்திருப்போம்.

அம்மாவுக்கு ஏத்தின கீமோவயே எடுத்துக்கோங்க. பெரும்பாலும் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்ஸலும்தான் குடுத்திருப்பாங்க. பாக்லிடாக்ஸல் ஒரு மரத்தோட பட்டைலேர்ந்து எடுத்த மருந்து, அமெரிக்காவுல 1992ல ஓவரி கேன்சருக்குத்தான் முதல்ல அனுமதி வாங்குச்சு. இந்த ரெண்டு மருந்தும் ஒரு காலத்துல யாரோ பேர் தெரியாத பெண்கள் ட்ரையல் பேப்பர்ல கையெழுத்து போட்டதால இன்னிக்கு அம்மா கைல ட்ரிப்ஸா ஏறுச்சு. இத சொல்லி அம்மாவுக்கும் அந்தக் கடமை இருக்குன்னு அழுத்தம் குடுக்க நான் வரல, அப்படி யாரும் குடுக்கவும் கூடாது.

மாமா பயப்படறது முட்டாள்தனம்னும் நெனச்சுடாதீங்க. அந்த பயத்துக்கு வரலாறு இருக்கு, அதுவும் எங்க துறையிலயே இருக்கு. நியூசிலாந்துல ஆக்லாந்துல 1966ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, கர்ப்பப்பை வாய்ல கேன்சருக்கு முந்தின நெலமைல இருக்கற செல்கள் அப்படியே விட்டாலும் கேன்சரா மாறாதுன்னு ஒரு டாக்டர் நம்பினார், அத நிரூபிக்க பெண்களுக்கு ட்ரீட்மென்ட் குடுக்காம பாத்துட்டே இருந்தாங்க, அந்தப் பெண்கள்கிட்ட நீங்க ஒரு ஆய்வுல இருக்கீங்கன்னு சொல்லவே இல்ல. 1987ல பத்திரிகைல வெளிய வந்து விசாரணை நடந்துச்சு, 1988ல அறிக்கை. பின்னாடி 2008ல கணக்கெடுத்தப்போ, சரியான ட்ரீட்மென்ட் இல்லாம விட்டவங்கள்ல 30 வருஷத்துல நூத்துக்கு 31 பேருக்கு கேன்சர் ஆயிருந்துச்சு, முறையா ட்ரீட்மென்ட் கெடச்சவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர விட கம்மி. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அங்க ஆராய்ச்சி பண்ணது மட்டும் குத்தம் இல்ல. பெண்கள்கிட்ட சொல்லல, அவங்க சம்மதம் கேக்கல, அப்பவே தெரிஞ்ச நல்ல ட்ரீட்மென்ட குடுக்கல, நடுவுல நிறுத்த வெளி ஆள் கண்காணிப்பு இல்ல. இப்ப உங்க கைல இருக்கற அந்த கட்டு பேப்பர், இந்த மாதிரி அநியாயங்களுக்கு அப்புறம் பெண்கள் போராடி வாங்கினது. அது நீளமா இருக்கேன்னு சலிச்சுக்காம ஒவ்வொரு பக்கமா படிங்க. மாமாவையும் உக்கார வச்சு படிக்கச் சொல்லுங்க.

சரி, டம்மி மாத்திரை. எல்லாரும் கேக்கறது "எங்கம்மாவுக்கு டம்மி விழுந்துட்டா?"ன்னு. நான் உங்கள கேக்கச் சொல்றது வேற: டம்மி விழுந்தா அதோட கூட வேற என்ன குடுப்பீங்க? இதுதான் அந்தப் பேப்பர்லயே முக்கியமான வரி. பலன் இருக்குன்னு ஏற்கனவே நிரூபிச்ச மருந்து இருக்கும்போது அத நிறுத்திட்டு வெறும் டம்மி குடுக்கறத இன்னிக்கு எந்த ஒழுங்கான எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்காது. பெரும்பாலும் வழக்கமான மருந்து ரெண்டு குரூப்புக்கும் உண்டு, அதுக்கு மேல ஒரு குரூப்புக்கு புது மாத்திரை, இன்னொரு குரூப்புக்கு அதே மாதிரி இருக்கற டம்மி. அப்ப டம்மி விழுந்தாலும் அம்மா ட்ரையல்ல சேராம இருந்தா என்ன கெடைக்குமோ அது கெடச்சிடுது. வெறும் டம்மி மட்டும்னா, ஏன்னு கேக்கணும். சில நேரம் அதுக்கும் நியாயம் இருக்கும், வழக்கமான வழியே மருந்து இல்லாம ஸ்கேன்ல பாத்துட்டே இருக்கறதா இருந்தா.

சோலோ-1னு ஒரு ட்ரையல், அம்மா மாதிரியே புதுசா கண்டுபிடிச்ச ஸ்டேஜ் மூணு, நாலுல இருந்தவங்க, பி.ஆர்.சி.ஏங்கற, அறுந்த ஜீன் இழைய ஒட்ட உதவற ஜீன்ல கோளாறு இருந்தவங்க, கீமோ நல்லா வேலை செஞ்சவங்க, மொத்தம் 391 பேர். அப்ப கீமோ முடிஞ்சா சும்மா பாத்துட்டு இருக்கறதுதான் பெரும்பாலும் வழக்கம், அதனால டம்மி குடுத்தது அநியாயம் இல்ல. அதுலயும் மூணுல ரெண்டு பேருக்கு ஓலாபரிப்ங்கற மாத்திரை, மூணுல ஒருத்தருக்குத்தான் டம்மி. ஏழு வருஷம் கழிச்சுப் பாத்தா மாத்திரை எடுத்தவங்கள்ல நூத்துக்கு 67 பேர் உயிரோட இருந்தாங்க, டம்மி எடுத்தவங்கள்ல நூத்துக்கு 46, 47 பேர். மூணாவது ஸ்டேஜ் ஓவரி கேன்சர்ல இப்படி ஒரு நம்பர என் படிப்பு காலத்துல யாரும் கனவு கூட கண்டிருக்க மாட்டாங்க. டம்மி குரூப்புல இருந்தவங்கள்லயும் நோய் திரும்பினப்போ நெறய பேருக்கு அதே வகை மாத்திரை பின்னாடி கெடச்சுது. இந்த மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னா, நம்ம செல்லுல ஜீன் இழை அறுந்தா அத ஒட்ட ரெண்டு மூணு வழி இருக்கு, பி.ஆர்.சி.ஏ கோளாறு இருக்கற கேன்சர் செல்லுக்கு முக்கியமான ஒரு வழி ஏற்கனவே அடைஞ்சு போச்சு, மாத்திரை இன்னொரு வழியையும் அடைச்சிடுது, அறுந்தத ஒட்ட முடியாம செல் செத்துடும். இந்த யோசனை 2005ல லேப்ல நிரூபணமாச்சு, 2014 கடைசில மருந்தா அனுமதி கெடச்சுது.

அதே மருந்து எல்லாருக்கும் எல்லா நேரத்துலயும் நல்லதும் இல்ல. பல தடவ நோய் திரும்பி, பல கீமோ பாத்தவங்களுக்கு இந்த வகை மாத்திரைய குடுத்தது ஆயுச கூட்டல, கொறைக்கவே செய்யலாம்னு சந்தேகம் வந்ததும், 2022ல அந்த குறிப்பிட்ட உபயோகத்துக்கான அனுமதிய கம்பெனிகளே அமெரிக்காவுல திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ரத்தம் கொறையறது, அசதி, குமட்டல் இதெல்லாம் சகஜம், அபூர்வமா ரத்தப் புற்றுநோய் மாதிரி பெரிய பிரச்னையும் வரும். புது மருந்துன்னா நல்ல மருந்துன்னு நெனைக்கக் கூடாதுங்கறதுக்குத்தான் இதையும் சொல்றேன்.

அதனால அடுத்த தடவ போகும்போது கேளுங்க: டம்மி குரூப்புக்கு வழக்கமான மருந்து உண்டா, அது என்ன. அம்மாவோட ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சா, வந்தா அந்த ரிசல்ட்டுக்கு ட்ரையலுக்கு வெளியவே குடுக்கற மாத்திரை இருக்கா, ட்ரையல்ல சேந்தா அது கைவிட்டுப் போயிடுமா. நோய் திரும்பினா எந்த குரூப்புல இருந்தோம்னு சொல்லுவீங்களா, அப்ப புது மருந்து டம்மி குரூப்புக்கும் கெடைக்குமா. எத்தன தடவ கூடுதலா ஸ்கேன், ரத்தம், பயாப்ஸி, அதுக்கு வந்து போற செலவு யாரு. மருந்தால ஏதாவது ஆனா வைத்தியச் செலவு யாரு ஏத்துப்பாங்க, இதுல மட்டும் மழுப்பலா பதில் வந்தா எழுத்துல காட்டச் சொல்லுங்க. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய பின்னாடி வேற ஆய்வுக்கு வச்சுப்பீங்களா, அதுக்கு மட்டும் வேணாம்னு சொல்லலாமா. மூணாவது கட்டம்ங்கறதால, எவ்ளோ டோஸ் தாங்கும்னு பாக்கற முதல் கட்டமும், வேலை செய்யுதான்னு பாக்கற ரெண்டாவது கட்டமும் ஓரளவு தாண்டி வந்திருக்கு, அதுல என்ன தெரிஞ்சுதுன்னும் கேளுங்க. எந்த குரூப்புன்னு டாக்டர் முடிவு பண்றதில்ல, கம்ப்யூட்டர் குலுக்கல்ல போடும், அதனால தெரிஞ்ச டாக்டர்ட்ட சொல்லி புது மருந்து குரூப்புல போட முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. கையெழுத்து போட்ட அப்புறமும் எப்ப வேணா காரணம் சொல்லாம விலகிக்கலாம், அதனால வழக்கமான ட்ரீட்மென்ட் நிக்கக் கூடாது. இதுக்கு மேல நேரக் கணக்கு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி தொடர் மாத்திரைகள கடைசி கீமோ முடிஞ்சு சில வாரங்களுக்குள்ள ஆரம்பிப்பாங்க, மாமாவோட சண்டைலயே அந்த வாரங்கள் போயிடக் கூடாது.

நான் உங்க எடத்துல இருந்தா? டம்மி குரூப்புலயும் வழக்கமான ட்ரீட்மென்ட் என்னவோ அது உண்டு, ஜீன் ரிசல்ட்டும் கைல இருக்கு, அம்மாவுக்கும் மனசு இருக்குன்னா, சேருவேன். இந்த மூணுல ஒண்ணு இல்லன்னாலும் கையெழுத்து போட மாட்டேன்.

அந்த மூணாவது, அம்மாவோட மனசு. உங்க லெட்டர் முழுக்க டாக்டர் சொன்னது இருக்கு, மாமா சொன்னது இருக்கு, நீங்க பயந்தது இருக்கு. அம்மா வாயே திறக்கலன்னு ஒரே வரி. அவங்க ஒடம்பு, அவங்க கையெழுத்து. மாமா இல்லாத நேரமா பாத்து, நர்ஸோ டாக்டரோ அம்மாகிட்ட தனியா பேச ஏற்பாடு பண்ணுங்க, அம்மாவுக்கு என்ன வேணும்னு நீங்க அவங்களுக்காக பதில் சொல்லாம கேளுங்க. சில அம்மாக்கள் இனிமே ஆஸ்பத்திரி வாசல மிதிக்க வேணாம், பேரனோட இருந்தா போதும்பாங்க, அதுவும் சரியான பதில்தான். சிலர் என் பொண்ணுக்கு உபயோகப்படும்னா எதுக்கும் தயார்ம்பாங்க, அப்படி சொன்னா இந்த ட்ரையல் உங்களுக்காக இல்லங்கறத தெளிவா சொல்லிடுங்க.

இப்ப உங்க விஷயம். அம்மாவுக்கு ஹை கிரேடு சீரஸ், பெரியம்மாவுக்கு 43ல மார்பு கேன்சர். இந்த ரெண்டையும் சேத்து படிச்ச உடனே என் மனசுல வந்தது பி.ஆர்.சி.ஏ ஜீன்தான். மேரி-கிளேர் கிங்னு ஒரு விஞ்ஞானி, மார்பு கேன்சர் பரம்பரையாவும் வரலாம்னு யாரும் பெருசா நம்பாத காலத்துல வருஷக்கணக்கா குடும்பம் குடும்பமா தேடி 1990ல 17வது குரோமோசோம்ல அந்த ஜீன் இருக்கற எடத்த காட்டினாங்க, 1994ல முதல் ஜீன் (பி.ஆர்.சி.ஏ 1) கைக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் ரெண்டாவது ஜீன் (பி.ஆர்.சி.ஏ 2). ஹை கிரேடு ஓவரி கேன்சர் வந்த எல்லா பெண்களுக்கும், குடும்பத்துல யாருக்கும் இல்லன்னாலும், இந்த டெஸ்ட் பண்ணணும். முதல்ல பண்ண வேண்டியது அம்மாவுக்கு, உங்களுக்கு இல்ல. அம்மாவுக்கு இன்ன எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சா உங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், இல்லன்னா இல்லதான், நிம்மதியா இருக்கலாம். அம்மாவுக்கு பாக்காம உங்களுக்கு மட்டும் பாத்து நார்மல்னு வந்தா அத முழுசா நம்ப முடியாது. அம்மாவுக்கு இருந்தா உங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, பெரியம்மா பிள்ளைங்களுக்கும் சொல்லணும், ஆண் பிள்ளைங்க உட்பட, ஏன்னா அப்பா வழியாவும் இது எறங்கும்.

இருந்தா என்ன பண்றதுன்னு இப்பவே பயப்படாதீங்க, ஆனா தெரிஞ்சுக்கோங்க. சாதாரணமா நூறு பெண்கள்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர ஓவரி கேன்சர், முதல் ஜீன்ல கோளாறு இருந்தா 80 வயசுக்குள்ள நூத்துக்கு 44 பேருக்கும், ரெண்டாவது ஜீன்ல 17 பேருக்கும் வரலாம். இந்த கேன்சர்ல பெரும்பாலானது ஓவரில ஆரம்பிக்கறதே இல்ல, பக்கத்துல இருக்கற, கருமுட்டை போற ட்யூபோட நுனிலதான் ஆரம்பிக்குதுன்னு கடந்த இருபது இருபத்தஞ்சு வருஷத்துலதான் தெரிஞ்சுது. இப்படி கோளாறு இருந்த பெண்களுக்கு முன்னெச்சரிக்கையா எடுத்த ட்யூப்கள மைக்ரோஸ்கோப்ல தேடித்தேடி பாத்தப்போ கெடச்ச விஷயம் இது. ஸ்கேன்ல ஓவரிய வருஷாவருஷம் பாத்தும் ஏன் உயிர காப்பாத்த முடியலங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால குழந்தை போதும்னு முடிவானதும், முதல் ஜீன்னா 35லேர்ந்து 40 வயசுக்குள்ள, ரெண்டாவதுன்னா 40லேர்ந்து 45க்குள்ள ட்யூபையும் ஓவரியையும் எடுத்துடறத சொல்றோம். சின்ன வயசுலயே மெனோபாஸ் வந்துடும், சூடு அடிக்கறது, எலும்பு, மனசு எல்லாத்துக்கும் தயாராகணும், அதனால ட்யூப மட்டும் முதல்ல எடுத்துட்டு ஓவரிய சில வருஷம் தள்ளி எடுக்கலாமான்னு இப்ப ட்ரையல்கள் நடக்குது. கருத்தடை மாத்திரைய பல வருஷம் எடுத்தவங்களுக்கு ஓவரி கேன்சர் கொறையுதுன்னு பெரிய ஆய்வுகள்ல தெளிவா தெரிஞ்சிருக்கு, ஆனா மார்பு கேன்சர் விஷயத்தையும் சேத்து எடை போடணும், நீங்களா வாங்கி சாப்பிடாதீங்க. மார்புக்கு எம்.ஆர்.ஐ வருஷாவருஷம் எடுக்கறது இந்த ஜீன் இருக்கறவங்களுக்கு உண்மையிலயே உபயோகம்.

ஜீன் ரிசல்ட் வர்ற வரைக்கும் சி.ஏ. 125 திரும்ப எடுக்காதீங்க. நீர்க்கட்டி சாதாரணமா இருந்தா கைனகாலஜிஸ்ட் சொன்னா மட்டும் ஒரு ஸ்கேன். வயிறு உப்பின மாதிரி, கொஞ்சம் சாப்பிட்டதும் நெறஞ்ச மாதிரி, அடிவயித்துல வலி, அடிக்கடி யூரின் அவசரம், இதெல்லாம் புதுசா ஆரம்பிச்சு மாசத்துல பாதி நாள் இருந்தா மட்டும் தள்ளிப் போடாம போங்க.

ஜீன் ரிப்போர்ட் வரும்போது ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. அதுல மூணு விதமா பதில் வரலாம்: கோளாறு இருக்கு, இல்ல, அர்த்தம் தெளிவில்லாத மாற்றம். இந்த மூணாவது வந்தா சில பேர் பயந்து ஓவரிய எடுக்கவே ஓடறாங்க, வேணாம்மா. அந்த மாற்றங்கள்ல பெரும்பாலானது பின்னாடி ஆபத்தில்லாததுன்னுதான் முடிவாகுது. அத வச்சு ஆபரேஷன் முடிவு எடுக்கக் கூடாது, குடும்பத்துல மத்தவங்களுக்கும் அத தேடி டெஸ்ட் பண்ண வேண்டியதில்ல, வருஷத்துக்கொரு தடவ அந்த லேப்லயோ ஜெனெடிக் கவுன்சலர்கிட்டயோ அந்த மாற்றத்துக்கு புதுசா அர்த்தம் தெரிஞ்சுதான்னு கேட்டா போதும். அம்மாவோட ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, ட்ரையல் பேப்பர்ல டம்மி குரூப்புக்கு என்ன மருந்துன்னு போட்டிருக்கற அந்தப் பக்கத்தையும் சேத்து அனுப்புங்க.